முதுமைக் கண்புரை: ஐதராபாத் ஆய்வு உணர்த்துவது

நம் நாட்டில் ஐம்பது வயதைக் கடந்தோரின் பார்வையிழப்புக்குத் தலையாய காரணம் கண்புரையே. இவ்வயதினரிடையே காணப்பட்ட பார்வையிழப்பில் 66.2 சதவீதம் இதனால் விளைந்தது என்பது 2015-19 தேசியக் கணக்கெடுப்பில் தெரியவந்தது.

கண்மணிக்குப் பின்னே அமைந்துள்ள லென்ஸ், பெரும்பாலும் நீராலும் புரதத்தாலும் ஆனது. முதுமையில் இப்புரதங்கள் திரண்டு, உட்புகும் ஒளியைச் சிதறச் செய்கின்றன. மாற்றம் மெல்ல நிகழ்வதால் பலர் அதனை உணர்வதில்லை. நிறங்கள் மஞ்சள் பாரித்து மங்குகின்றன. நீலத்தைப் பிரித்தறிவது கடினமாகிறது. இரவில் எதிர்வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்கிறது. லென்சின் பின்புறத்தில் புரை படர்ந்தோர் நண்பகல் வெயிலில்தான் மிகுதியும் இடர்ப்படுவர். லென்சின் நடுப்பகுதி கெட்டிப்படும் வகையிலோ ஒரு விந்தை உண்டு. வெள்ளெழுத்துக் கண்ணாடியின்றியே சில காலம் படிக்க முடியும். பார்வை மீண்டுவிட்டதென முதியவர் மகிழ்வர். உண்மையில் அது புரை வளர்வதன் அறிகுறியாகும்.

ஐதராபாதில் 1987இல் நிறுவப்பெற்ற எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிலையம், 1996 முதல் 2000 வரை, பிரிவினைக்கு முந்தைய ஆந்திரப் பிரதேசத்தில் 10,293 பேரைச் சோதித்தது. ஐதராபாத் நகரும் மூன்று ஊரகப் பகுதிகளும் இவ்வாய்வில் அடங்கின. மாநில மக்கள் தொகையில் பார்வையிழந்தோர் 1.84 சதவீதம் என்றும், அவர்களுள் 44 சதவீதத்தினர் கண்புரையால் பாதிக்கப்பட்டோர் என்றும் மதிப்பிடப்பட்டது. இப்புள்ளிவிவரங்களினும் மற்றொரு முடிவே நிர்வாகத்தினர் கருதத்தக்கது. அறுவைச் சிகிச்சை பெற்ற கண்களிலும் கணிசமானவை போதிய பார்வை பெறவில்லை.

இதற்கான காரணங்களுள் ஒன்று வெளிப்படை. லென்சை அகற்றிவிட்டுத் தடித்த கண்ணாடி வழங்குவதே முன்னாளைய முறை; அக்கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ நோயாளி மீண்டும் இருளில் விடப்பட்டார். 1994-95இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய திட்டம் செயற்கை லென்சைக் கண்ணுள்ளேயே பொருத்தும் முறையைப் பரப்பியது. ‘புரை முற்றட்டும்’ எனக் காத்திருப்பதற்கும் அதன்பின் தேவையில்லாமற் போயிற்று. எனினும் அவ்வறிவுரை இன்றும் சிற்றூர்களில் கேட்கிறது.

1976இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம், நெடுங்காலம் அறுவைகளின் எண்ணிக்கையையே இலக்காகக் கொண்டிருந்தது. எத்தனை பேர் பார்வை பெற்றனர் என்பதையும் அதே பதிவேட்டில் குறிப்பது நலம்.

புள்ளிவிவரங்களை ஒப்பிடுவோர்க்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. தேசியக் கணக்கெடுப்பு நாட்டின் பார்வையிழப்பு 0.36 சதவீதம் என்கிறது. இதனை 1.84உடன் நேரடியாக ஒப்பிடலாகாது. பார்வையிழப்பின் அளவுகோல் 2017இல் 6/60இலிருந்து 3/60ஆக மாற்றப்பட்டது. பழைய அளவுகோலில் பார்வையற்றவராகக் கொள்ளப்பட்டோரில் ஒரு பகுதியினர், கண்ணில் மாற்றம் ஏதுமின்றியே, புதிய கணக்கிலிருந்து விலகியுள்ளனர்.