டெக்சாஸில் கேஸ் அடுப்பு: சட்டம் யாருடைய கையைக் கட்டுகிறது?

கேள்வி: ஆஸ்டினில் புதிதாக உருவாகும் ஒரு குடியிருப்பில் வீடு வாங்க முன்பணம் கட்டவிருக்கிறோம். எங்களுக்குக் கேஸ் அடுப்பு வேண்டும். பில்டரோ முழுக்க மின்சார வீடுதான் என்கிறார். “டெக்சாஸில் கேஸைத் தடுக்கவே கூடாதென்று சட்டம் இருக்கிறது; பெர்க்லி வழக்கிலும் கோர்ட் அதைத்தான் சொன்னது” என்கிறார் நண்பர். அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேஸ் இணைப்பு கேட்க முடியுமா?
– ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: அந்தச் சட்டம் இருப்பது உண்மை. ஆனால் இணைப்பைத் தடுக்கக் கூடாதென்று அது கட்டுப்படுத்துவது அரசு அமைப்புகளை மட்டுமே. உங்கள் பில்டரை அல்ல. 2019-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம், புதிய கட்டடங்களுக்குக் கேஸ் குழாய் கூடாதென்று அமெரிக்காவிலேயே முதன்முதலாக விதி செய்தது. மற்ற நகரங்களும் அதே வழியில் போய்விடாதபடி 2020-இல் அரிசோனா முதலில் தடுப்புச் சட்டம் இயற்றியது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் உள்ளன. 2021-இல் டெக்சாஸ் நிறைவேற்றிய ‘ஹவுஸ் பில் 17’ அவற்றில் ஒன்று. எந்த வகை எரிசக்தி என்பதை வைத்து ஒரு வீட்டின் இணைப்பையோ அதற்கான கட்டமைப்பையோ தடுக்கும் விதியை நகராட்சி, கவுன்ட்டி போன்ற அமைப்புகள் கொண்டுவரக் கூடாது என்கிறது அது. கேஸுக்கு மட்டுமான சலுகையும் அல்ல இது. மின்சாரத்தையே விரும்புகிறவருக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

தன் மக்களுக்குத் தேவையான விதியைச் செய்ய ஆஸ்டினுக்கு உரிமை இல்லையா என்று கேட்கலாம். அரசியல் வாதமாக அது வலுவானது. சட்டத்தின் முன் நிற்காது. டெக்சாஸ் அரசியலமைப்பின் 11-ஆம் விதி, 5-ஆம் பிரிவு பெரிய நகரங்களுக்குத் தன்னாட்சி தருகிறது. ஆனால் நகர விதி மாநிலத்தின் பொதுச் சட்டத்துக்கு முரணாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் அங்கேயே இருக்கிறது. பெர்க்லி வழக்கின் கதை வேறு. 2023-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாதென்றது 1975-ஆம் ஆண்டின் கூட்டாட்சி எரிசக்திச் சட்டத்தை வைத்துத்தான். டெக்சாஸ் ஐந்தாவது வட்டாரத்தில் இருப்பதால் அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தினாலும், அங்கே எதிர்த்தரப்பில் நின்றது ஒரு நகராட்சி, பில்டர் அல்ல.

“அரசே செய்யக் கூடாததைத் தனியார் மட்டும் செய்யலாமா?” என்பது இயல்பாக எழும் அடுத்த கேள்வி. இந்த விஷயத்தில் செய்யலாம். தனியாரையும் கட்டுப்படுத்த நினைக்கும்போது டெக்சாஸ் சட்டமன்றம் அதை வெளிப்படையாகவே எழுதுகிறது. கூரையில் சோலார் பேனல் வைப்பதைக் குடியிருப்போர் சங்கங்கள் பொதுவாகத் தடுக்கக் கூடாதென்று, சில விலக்குகளோடு, 2011-இல் சொத்துச் சட்டத்தில் 202.010 என்ற பிரிவைச் சேர்த்தது. பத்தாண்டு கழித்து எரிசக்தி இணைப்புக்குச் சட்டம் செய்தபோது, இணைப்பைத் தடுக்கக் கூடாதவர்களாக ஒழுங்குமுறை அமைப்புகள், திட்ட அமைப்புகள், மாநிலத்தின் உள்ளாட்சிப் பிரிவுகள் ஆகியவற்றை மட்டுமே பெயர் சொன்னது. சங்கமும் பில்டரும் அதில் இல்லை. சட்டமன்றம் சேர்க்காதவர்களை நீதிமன்றம் சேர்த்துக்கொள்ளும் என்று நம்பிப் பணம் கட்டுவது ஆபத்து.

எனவே உங்கள் பலம் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது, அதுவும் கையெழுத்திடும் வரைக்கும்தான். தெருவில் கேஸ் மெயின் குழாய் வருகிறதா என்று கேஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். குழாயே இல்லாத தெருவுக்கு அதைக் கொண்டுவரச் சொல்லும் உரிமையை இந்தச் சட்டம் உங்களுக்குத் தரவில்லை. பில்டர் இணங்கினால் அடுப்புக்கான குழாய், அதன் செலவு, முடிக்கும் தேதி மூன்றையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். கவுன்ட்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவான மனைக் கட்டுப்பாடுகளையும் வாங்கிப் படியுங்கள். எல்லாம் கிடைத்தாலும் பெர்மிட், கசிவுச் சோதனை போன்ற பாதுகாப்பு நடைமுறைகளை இந்தச் சட்டம் நீக்கிவிடவில்லை. பில்டர் இணங்காவிட்டால் மின்சார அடுப்பை ஏற்பதா, வேறு வீடு பார்ப்பதா என்பதை முன்பணம் கட்டும் முன்பே முடிவு செய்யுங்கள்.