கொல்கத்தாவின் சிறுநீரகம்

நுழையும்முன்

நாம் பருகும் நீர் எங்கே செல்கிறது? நம் வீட்டிலிருந்து வெளியேறும் கழிவுநீர் எங்கே செல்கிறது? இவ்விரு வினாக்களும் தொடர்பற்றவை போலத் தோன்றும். ஆயினும், விடை தேடிப் புறப்பட்டால் இரண்டும் ஓரிடத்தில் சந்திப்பதைக் காணலாம். அவ்விடத்தைக் காட்டுவதே இப்பாடம்.

நிரம்பியே திரும்பிய நீர்க்குப்பி

மாணவச் செல்வங்களே! சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். காலையில் அவள் அன்னை நிரப்பி அனுப்பும் நீர்க்குப்பி, மாலையில் பெரும்பாலும் நிரம்பியபடியே வீடு திரும்பும். நீர் குடித்தால் வகுப்பின் நடுவே எழுந்து அனுமதி கேட்க வேண்டுமே என்ற கூச்சமே காரணம். ஒருநாள் கடுங்காய்ச்சலும் நீர்க்கடுப்பும் கண்டு அவள் படுத்துவிட்டாள். சிறுநீர்ப் பாதையில் தொற்று என்றார் மருத்துவர். இரண்டு வாரங்கள் அவள் பள்ளிக்கு வரவில்லை.

அவளது வெற்றிருக்கையைக் கண்டபோதெல்லாம் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அனுமதி கேட்ட பிள்ளைகளிடம், “பாடம் முடியட்டும், பிறகு போகலாம்” என்று சொன்ன ஆசிரியர்களுள் நானும் ஒருத்தி. அடக்கக்கூடாத பதினான்கு வேகங்களுள் ஒன்றாகச் சிறுநீரைச் சித்த மருத்துவம் குறிப்பிடுகிறது. அதைப் படித்திருந்தும் நான் பின்பற்றவில்லை. இப்பாடத்தை எழுதத் தூண்டியது அந்த வெற்றிருக்கையே.

நலம்பெற்று வந்தபின் அவள் ஒரு வினாவை எழுப்பினாள்: “அம்மா, நாம் குடிக்கும் தண்ணீர்தானே வயிற்றிலிருந்து நேராக இறங்கிச் சிறுநீராகிறது? அப்படியிருக்க, தண்ணீர் குடிக்காவிட்டால் ஏன் நோய் வருகிறது?” வகுப்பில் பலரும் அவ்வாறே எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் தவறானது.

குருதியிலிருந்து பிறக்கும் நீர்

வயிற்றுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே நேர்வழி எதுவும் இல்லை. நாம் பருகும் நீரைக் குடல் உறிஞ்சிக் குருதியில் சேர்க்கிறது. சிறுநீர் பிறப்பது அக்குருதியிலிருந்துதான்.

உண்ணும் உணவிலுள்ள புரதம் உடலில் சிதையும்போது அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதனை நச்சுத்தன்மை குறைந்த யூரியாவாக மாற்றிக் குருதியில் விடுகிறது. யூரியாவும் தேங்கிவிடலாகாது. அதனை வெளியேற்றுவதற்கு முதுகெலும்பின் இருபுறமும், விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, அவரை விதை வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஊரில் நம் பாட்டிமார் இதனைக் குண்டிக்காய் என்பர். ஒவ்வொன்றும் நம் கைமுட்டி அளவே இருக்கும். எனினும் இதயம் அனுப்பும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவற்றிற்கே செல்கிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. நெஃப்ரான் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்குழல். அதன் தொடக்கத்தில் கிண்ணம் போன்ற ஓர் அமைப்பு உண்டு. அதற்குப் பௌமானின் கிண்ணம் என்று பெயர். அக்கிண்ணத்தினுள் நூற்கண்டு போலச் சுருண்டு கிடக்கும் மயிரிழைக் குருதிக்குழல்களின் தொகுதியே கிளாமருலஸ்.

சிறுநீர் மூன்று நிலைகளில் உருவாகிறது.

முதல் நிலை, வடிகட்டுதல். கிளாமருலசுக்குள் குருதியைக் கொண்டுவரும் குழல் அகன்றது. வெளியே கொண்டுசெல்லும் குழல் குறுகியது. நீர் நுழையும் வாய்க்கால் அகன்றும் வெளியேறும் மதகு சிறுத்தும் இருந்தால் கரையின்மீது அழுத்தம் கூடுமல்லவா? அதுபோல இங்கும் அழுத்தம் கூடுகிறது. அவ்வழுத்தத்தால் நீரும், உப்புகளும், குளுக்கோசும், அமினோ அமிலங்களும், யூரியாவும் வடிந்து கிண்ணத்தில் சேர்கின்றன. உருவில் பெரியனவாகிய குருதி அணுக்களும் பெரும்பாலான புரதங்களும் குருதியிலேயே தங்கிவிடுகின்றன.

இரண்டாம் நிலை, மீள உறிஞ்சுதல். ஒரு நாளில் இவ்வாறு வடியும் நீரின் அளவு ஏறத்தாழ 180 லிட்டர். நம் உடலில் உள்ள குருதியோ ஏறத்தாழ 5 லிட்டர்தான்! வடிந்த அனைத்தும் வெளியேறினால் நாம் ஒரு மணிநேரமும் உயிர்தரியோம். ஆகவே நுண்குழலின் சுவர், உடலுக்கு வேண்டியவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. குழலின் முதற்பகுதியிலேயே குளுக்கோசும் அமினோ அமிலங்களும் ஏறத்தாழ முழுமையாகவும், நீரில் மூன்றில் இரண்டு பங்கும் குருதிக்குத் திரும்புகின்றன. அடுத்துவரும் ஹென்லே வளைவின் இறங்கு பகுதியில் நீரும், ஏறு பகுதியில் உப்பும் மீட்கப்படுகின்றன.

மூன்றாம் நிலை, சுரத்தல். வடிகட்டலில் தப்பிய சில அமிலப் பொருள்களையும், மிகுதியான பொட்டாசியத்தையும், சில மருந்துகளின் எச்சங்களையும் குழலின் சுவர் குருதியிலிருந்து எடுத்துக் குழலுக்குள் தள்ளுகிறது.

இறுதியில் எஞ்சுவது ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். 180 லிட்டரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு மீண்டுவிட்டது என்பதை நீங்களே கணக்கிட்டு அறியலாம். எஞ்சிய நீர், சேகரிப்பு நாளம் வழியாகச் சென்று, சிறுநீர் நாளத்தில் இறங்கிச் சிறுநீர்ப்பையில் தங்குகிறது.

சேகரிப்பு நாளத்தில் எவ்வளவு நீரை மீட்பது என்பதை மூளையிலிருந்து வரும் வாசோபிரசின் என்னும் இயக்குநீர் முடிவு செய்கிறது. வைகாசி மாதப் புழுக்கத்தில் வியர்த்துக் கொட்டும்போது இயக்குநீர் மிகுகிறது; நீர் மிகுதியாக மீட்கப்படுகிறது; சிறுநீர் குறைந்து அடர்மஞ்சள் ஆகிறது. அது, “தண்ணீர் குடி” என்று உடல் எழுதியனுப்பும் மடல். அம்மடலைப் பிரிக்காமல் விட்டுவிட்டால், குறைந்த நீரில் உப்புகள் செறிந்து கல் உருவாகலாம். சிறுநீர் அடிக்கடி வெளியேறும்போது பாதையில் நுழைந்த கிருமிகளும் அதனோடு அடித்துச் செல்லப்படும். அடக்கி வைத்தால் அவை பெருகும். அம்மாணவியின் வினாவுக்கு விடை இதுவே.

நகருக்கு வெளியே ஒரு சிறுநீரகம்

நாம் வாழும் இக்கொல்கத்தா நகருக்கும் சிறுநீரகம் உண்டு என்றால் வியப்பீர்கள். சயின்ஸ் சிட்டியைக் கடந்து கிழக்கே பாசந்தி நெடுஞ்சாலையில் சென்றால், சாலையின் இருபுறமும் வானத்தைப் பிரதிபலிக்கும் நீர்ப்பரப்புகளைக் காணலாம். அவற்றை இங்குள்ளோர் ‘பேரி’ என்பர். அவை அடங்கிய பகுதியே கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலம். அதன் பரப்பு 12,500 ஹெக்டேர்.

கொல்கத்தாவின் நிலம் ஹூக்ளி ஆற்றங்கரையிலிருந்து கிழக்கு நோக்கிச் சரிந்துள்ளது. ஆகவே நகரின் கழிவுநீர் ஆற்றை நோக்கிச் செல்லாமல் கால்வாய்கள் வழியே கிழக்கு நோக்கி ஓடுகிறது. மீனவர்கள் அதனை அளவறிந்து பேரிகளுக்குள் விடுகின்றனர். ஆழம் குறைந்த நீரில் கதிரவன் ஒளி ஊடுருவுகிறது. பாசிகள் பெருகி உயிர்வளியை வெளியிடுகின்றன. பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. பாசியை உண்டு ரோகு, கட்லா முதலிய மீன்கள் வளர்கின்றன. கரையோரம் வளர்க்கப்படும் வெங்காயத் தாமரை, அலைகளிலிருந்து கரையைக் காக்கிறது. தெளிந்த நீர் வயல்களுக்குப் பாய்கிறது. நேற்று நம் வீட்டுச் சமையலறையிலிருந்து வெளியேறிய நீர், நாளை சந்தையில் மீனாகவும் கீரையாகவும் நம்மிடம் திரும்பி வருகிறது.

இவ்வுண்மையை உலகறியச் செய்தவர் துருவஜோதி கோஷ் என்னும் பொறியாளர். 1980களில் கழிவுநீர் செல்லும் வழியைப் பின்தொடர்ந்து சென்ற அவர், எழுத்தறியாத மீனவர்களும் உழவர்களும் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் இவ்வேலையைக் கண்டு வியந்தார். அவர்களையே தம் ஆசிரியர்களாக ஏற்றார். 2002ஆம் ஆண்டு இச்சதுப்புநிலம் உலகச் சிறப்புமிக்க ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2006இல் இதனைக் காக்க மேற்கு வங்கத்தில் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. கோஷ் 2018இல் மறைந்தார்.

உவமையின் எல்லை

உவமை அழகானது, ஆனால் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். சிறுநீரகம் கழிவைப் பிரித்து வெளியேற்றுகிறது, உணவாக மாற்றுவதில்லை. சதுப்புநிலமோ கழிவையே உணவாக்குகிறது. சிறுநீரகம் அழுத்தத்தாலும் உயிரணுக்களின் ஆற்றலாலும் இயங்குகிறது. சதுப்புநிலம் கதிரொளியாலும் நுண்ணுயிர்களாலும் இயங்குகிறது. ஓசையின்றி உழைப்பதில் மட்டும் இரண்டும் ஒன்றே. அதனாலேயே இரண்டையும் நாம் மறந்துவிடுகிறோம்.

மறந்தால் என்ன நேரும்? நீரிழிவும் உயர் குருதியழுத்தமும் கவனிக்கப்படாவிட்டால் நெஃப்ரான்கள் சிறிது சிறிதாக அழியும். அழிந்த நெஃப்ரான் மீண்டும் முளைப்பதில்லை. அப்போது குருதியைச் செயற்கையாகத் தூய்மை செய்யும் டயாலிசிஸ் தேவைப்படும். 1943இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் நடைமுறைக்கு உகந்த முதல் செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கினார். அதற்கு அவர் பயன்படுத்தியது, இறைச்சி அடைக்கும் செல்லோஃபேன் குழாய்! இன்றும் பல நோயாளிகள் வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணிநேரம் இயந்திரத்தின் அருகில் படுத்திருக்கின்றனர். மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவது மற்றொரு வழி. நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971இல் அவ்வறுவை மருத்துவம் வெற்றிகரமாக நடைபெற்றது.

ஏரியைத் தூர்ப்பதும் அத்தகையதே. மண் கொட்டி மூடிய நீர்நிலையில் கட்டடம் எழுந்தபின் அந்நிலம் திரும்புவதில்லை. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பெரும்பகுதி சுருங்கிய பின்னரே, 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பிறந்த மண்ணிலும் வாழும் மண்ணிலும் நமக்கு ஒரே பாடம்தான் காத்திருக்கிறது.

அம்மாணவி இப்போது பள்ளிப் படிப்பை முடித்துச் சென்றுவிட்டாள். அன்று முதல் என் வகுப்பில் ஒரு வழக்கம் நிலைத்துள்ளது. வெளியே செல்ல விரும்புவோர் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அமைதியாக எழுந்து சென்று வரலாம். மாலை மணி ஒலிக்கும்போது குப்பிகள் வெறுமையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நான் இடும் வீட்டுப்பாடம்.

சொல்லும் பொருளும்

குருதி – இரத்தம்
மதகு – ஏரி நீரை அளவாக வெளியேற்றும் வாயில்
உயிர்வளி – ஆக்சிஜன்
நீர்க்கடுப்பு – சிறுநீர் கழிக்கும்போது ஏற்படும் எரிச்சல்
தூர்த்தல் – மண்ணிட்டு மூடுதல்

இலக்கணம் அறிவோம்

சிறுநீரகம் – சிறுநீர் + அகம்
சிறுநீர், நுண்குழல் – பண்புத்தொகை
வடிநீர் (வடிந்த நீர், வடிகின்ற நீர், வடியும் நீர்) – வினைத்தொகை

மதிப்பீடு

1. கிளாமருலசில் அழுத்தம் கூடுவது ஏன்?
2. வடிந்த 180 லிட்டர் நீரும் வெளியேறாதது எவ்வாறு? விளக்குக.
3. கோடைக்காலத்தில் சிறுநீரின் நிறம் மாறுவதற்குக் காரணம் யாது?
4. சிறுநீரகத்திற்கும் சதுப்புநிலத்திற்கும் உள்ள ஓர் ஒற்றுமையையும் இரண்டு வேற்றுமைகளையும் எழுதுக.

கற்பவை கற்றபின்

உங்கள் தாத்தா அல்லது பாட்டியுடன் தொலைபேசியில் பேசுங்கள். அவர்களின் ஊரில் இருந்த ஏரி, குளம், ஊருணி ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டறிந்து, அவற்றுள் இன்றும் நீர் நிற்பவை எவை எனப் பட்டியலிடுக.