கூடாரத்தில் இன்சுலின், கையில் தூரிகை

டைப் 1 சர்க்கரை நோய் இருக்கிறது என்பதற்காக, மலையில் கூடாரம் போட்டு ஓவியம் வரையும் ஆசையை விட்டுவிடாதீர்கள்.

இன்சுலினைத் தேவைக்கு இரு மடங்காக எடுத்து, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். திறந்த இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் 28 நாள் வரை தாங்கும். கொடைக்கானலின் டிசம்பர் இரவில் கவலை வேறு: உறைந்த இன்சுலினை உருகிய பிறகும் போடக் கூடாது. துணியில் சுற்றிப் போர்வைக்குள் வையுங்கள். குளுக்கோமீட்டரையும் அப்படியே, கடுங்குளிரில் அது சரியாக இயங்காது.

வரைவதில் மூழ்கிவிட்டால், சர்க்கரை இறங்குவதைக் காட்டும் கை நடுக்கமும் வியர்வையும் உறைக்காது. எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இதுதான் என்பேன். மணிக்கொரு முறை சர்க்கரையைச் சோதிக்கக் கைபேசியில் அலாரம் வையுங்கள். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் மீட்டர் தவறான எண்ணைக் காட்டும், சாயக்கறையோடும் சோதிக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்த பிறகே குத்துங்கள்.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் உடனே 15 கிராம் குளுக்கோஸ். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. படம் காத்திருக்கட்டும். மலையேறிய நாளில் இரவிலும் சர்க்கரை இறங்கலாம், எனவே படுக்கும் முன் அவசியம் பாருங்கள். பசியில்லை, சாப்பிடவில்லை என்று நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தனியாகப் போக வேண்டாம். குளுக்கோஸ் எந்தப் பையில் இருக்கிறது என்று கூட வருபவருக்குக் காட்டிவிடுங்கள். நீங்கள் மயங்கினால் வாயில் எதையும் ஊட்டாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.