வாடகை வீட்டுக்கு எந்த ஏசி?

வட்டவளை

அன்புள்ள மகளுக்கு,

வெள்ளவத்தை வீட்டுக்கு, உருட்டிக்கொண்டு போகிற ஏசி வாங்கலாம் என்று மாப்பிள்ளை சொல்வதாக எழுதியிருந்தாய். சுவரில் துளை போட வேண்டாம், வீடு மாறினால் கையோடு கொண்டு போகலாம், லீவுக்கு இங்கேயும் எடுத்து வரலாம் என்பது அவர் கணக்கு. கடைசிக் காரணத்தை முதலில் தள்ளிவிடு. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றரை ஒட்டி மழை கொட்டும் ஊருக்கு யாராவது ஏசி சுமந்து வருவார்களா?

மற்ற இரண்டும் நியாயம்தான். ஆனாலும் சுவரில் மாட்டுவதையே வாங்கு என்பேன்.

தேயிலை பெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் நின்றவனுக்குக் காற்றின் ஈரம் எப்படிப்பட்டது என்று தெரியும். மழை நாளில் வெளிக்காற்றை அப்படியே ஊதினால் கொழுந்து வாடாது. ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானி இரண்டையும் பார்த்து, வித்தியாசம் போதாவிட்டால் சூட்டுக்காற்றைக் கலந்து விடுவோம். கொழும்பில் உங்களைப் புழுங்க வைப்பதில் பாதி அந்த ஈரம்தான். ஒற்றைக் குழாய் ஏசியோ அறைக்குள் குளிர்ந்த காற்றையே இழுத்து, தன் சூட்டை அதில் ஏற்றி வெளியே தள்ளுகிறது. போன காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் வெளிக்காற்று நுழையும், கடலோர ஈரத்தோடு. அமெரிக்காவில் இவற்றுக்கு இரண்டு எண்கள் போட்டு விற்கிறார்கள். 14,000 பிடியூ என்று பெரிதாக இருப்பது, இந்த இழப்பைக் கழித்தால் 10,000 அளவுக்கு இறங்கிவிடுகிறது. கம்பிரசரும் அறைக்குள்ளேயே உறுமும், கைக்குழந்தை தூங்குமா? அந்த ஏசியோடு வரும் ஜன்னல் பலகை நகர்த்தித் திறக்கும் ஜன்னலுக்குச் செய்தது. கம்பி போட்டு வெளியே திறக்கும் நம் ஜன்னலுக்கு அது பொருந்தாது.

படுக்கையறைக்கு மட்டும் 9,000 பிடியூ இன்வெர்ட்டர் ஒன்று போதும். வீட்டுக்காரரிடம் சம்மதத்தை எழுத்தில் வாங்கு. வீடு மாறும்போது கேஸை வெளிப்பெட்டிக்குள் இறக்கி மூடி, முழுதாகக் கழற்றி எடுத்துப் போகலாம். துளையைப் பூசிக் கொடுப்போம் என்று அந்தத் தாளிலேயே எழுதிவிட்டால் அவருக்கும் மனம் இளகும். வெளிப்பெட்டி கடலைப் பார்க்காத பக்கம் இருக்கட்டும். உப்புக்காற்று அதைத் தின்றுவிடும்.

கரண்ட் பில்லைப் பற்றித்தான் மாப்பிள்ளை யோசிக்க வேண்டும். 800 வாட்டில் 8 மணி நேரம் ஓடினால் 6.4 யூனிட், மாதத்துக்கு 192. ஃப்ரிட்ஜ், அயன் எல்லாம் அதற்கு மேல். 180 யூனிட்டைத் தாண்டினால் விலை கடைசிப் படிக்கு ஏறிவிடும். அறை குளிர்ந்ததும் இன்வெர்ட்டர் வேகத்தைக் குறைப்பதால் உண்மையில் அவ்வளவு போகாது. 26 டிகிரியில் வைத்து, ஃபேனையும் மெதுவாகச் சுற்ற விடு.

வீட்டுக்காரர் ஒப்பவே மாட்டார் என்றால் மட்டும் இரட்டைக் குழாய் வைத்ததைத் தேடுங்கள். அது வெளிக்காற்றை எடுத்தே தன் சூட்டை வெளியேற்றும். கடைக்காரர் ஒற்றைக் குழாயைக் காட்டி இரண்டும் ஒன்றுதான் என்பார், நம்பாதே.

எதுவானாலும், கதவுக்கு மேலே இருக்கும் காற்றுத்துளைகளை அடைத்துவிட்டே ஓட விடு. பழைய வீடு வேறு. ஏசிக்குத் தனி வயர் இழுத்து, எர்த் சரியா என்று எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகு கடைக்குப் பணம் கட்டச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா