சாமந்தித் தோட்டத்தில் இரவு விளக்கு: எம்.சி.பி. அடிக்கடி விழுவது ஏன்?

சாமந்தி, இரவு நீளும் காலத்தில் மொட்டு விடும் பயிர். செடி போதிய உயரமும் கிளையும் பெறுமுன் மொட்டு வந்துவிட்டால் காம்பு குட்டையாகி மகசூல் குறையும். இதைத் தவிர்க்கவே ஓசூர் வட்டாரத்திலும், அதையடுத்த கர்நாடகப் பகுதிகளிலும் விவசாயிகள் பாத்திகளுக்கு மேல் வரிசையாகப் பல்புகள் கட்டி, நள்ளிரவை ஒட்டி நான்கு மணி நேரம் எரிய விடுகின்றனர். இவ்வாறு எரியும்போது எம்.சி.பி. விழுந்து, விடியும் வரை தோட்டம் இருளில் கிடப்பது பலருக்கும் உள்ள தொல்லை. ஓரிரவு தவறினால் பெரிய கெடுதல் இல்லை. பல இரவுகள் தொடர்ந்து தவறினால் மொட்டு தோன்றிவிடும். பிறகு விளக்கு போட்டும் பயனில்லை.

சுவிட்சு விழுந்தவுடன் அதைவிடப் பெரிய எம்.சி.பி.யை மாட்டிவிடுவது பொதுவாக நடப்பது. இது மிகவும் ஆபத்தானது. எம்.சி.பி. காப்பது விளக்கை அன்று; கம்பியை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு 10 ஆம்பியர், 2.5க்கு 16 ஆம்பியர் என்று பொருத்துவது வழக்கம். அந்தக் கம்பியை அப்படியே வைத்துக்கொண்டு 32 ஆம்பியர் மாட்டினால், சுவிட்சு விழாது. கம்பியின் மேலுறை உருகும். கீற்றுக் கொட்டகையில் போர்டு இருந்தால் நெருப்பு பிடிக்க வெகுநேரம் ஆகாது.

எனவே, சுவிட்சு எப்போது விழுகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

எரியத் தொடங்கிச் சற்று நேரம் கழித்து விழுந்தால் பெரும்பாலும் பளு மிகுதியே. கணக்கு எளிது: மொத்த வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர். 100 வாட் குண்டு பல்புகள் 60 என்றால் 6,000 வாட். ஏறக்குறைய 26 ஆம்பியர். 16 ஆம்பியர் சுவிட்சு இதைத் தாங்காது. மணிக்கணக்கில் தொடர்ந்து எரியும் விளக்குகளுக்கு, சுவிட்சில் எழுதியுள்ள அளவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஏற்றாமலிருப்பது நன்று. 16 ஆம்பியருக்கு இது சுமார் 13 ஆம்பியர், அதாவது 2,900 வாட் வரை.

பளு குறைவாயிருந்தும் நேரம் கழித்து விழுந்தால், மெயினை அணைத்துவிட்டு எம்.சி.பி.யின் திருகுகளைப் பார்க்க வேண்டும். அலுமினியக் கம்பி திருகினடியில் நாளடைவில் தளர்ந்து, அந்த இடம் சூடேறும். கருகிய நிறமோ தீய்ந்த வாடையோ இருந்தால் அந்த முனையை வெட்டிப் புதிதாகச் சீவி முறுக்குவதுடன், சுவிட்சையும் மாற்றிவிடுவதே நல்லது.

சோக் உள்ள சோடியம் விளக்கு வைத்திருப்போர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 400 வாட் விளக்கு ஒன்று, கெப்பாசிட்டர் நல்ல நிலையில் இருக்கும்போது 2 ஆம்பியரைச் சற்றுத் தாண்டி இழுக்கும். கெப்பாசிட்டர் பழுதானால் ஏறக்குறைய இருமடங்கு இழுக்கும். ஆனால் வெளிச்சம் மாறாது. சென்ற ஆண்டு ஒழுங்காக எரிந்த அதே விளக்குகள் இந்த ஆண்டு சுவிட்சைத் தள்ளுகின்றன என்றால் சந்தேகம் இங்கே போகவேண்டும். மலிவான எல்.இ.டி. பல்புகளும் எழுதிய வாட்டுக்குக் கணக்கிடும் ஆம்பியரைவிடக் கூடுதலாகவே இழுக்கும்.

போட்ட கணத்திலேயே விழுந்தால் கம்பிகள் எங்கோ ஒட்டியிருக்கலாம். எல்லா வரிசைகளையும் கழற்றி ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் பழுதான வரிசை தெரியும். ஒவ்வொன்றும் தனித்தனியே நன்றாக எரிந்து, எல்லாம் சேர்ந்தால் மட்டும் விழுகிறதா? எல்.இ.டி. ஃப்ளட் விளக்குகள் பல ஒரே நொடியில் உயிர்பெறும்போது, கண்ணிமைக்கும் நேரத்துக்குப் பன்மடங்கு மின்சாரம் பாயும். பி வகை எம்.சி.பி. இதற்கே விழுந்துவிடும். அதே ஆம்பியரில் சி வகையை ஓயர்மேனைக் கொண்டு மாட்டலாம்; அல்லது வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடலாம்.

பனி இறங்கும் நேரத்திலும் மழையிலும் விழுவது வேறு சங்கதி. பெரும்பாலும் அப்போது விழுவது எம்.சி.பி. அன்று, மின்கசிவைக் காட்டும் ஆர்.சி.சி.பி. ஈரம் புகுந்த ஹோல்டரோ, டேப் சுற்றிய இணைப்போ, எலி கடித்த கம்பியோ காரணமாயிருக்கும். நியூட்ரலுக்குப் பதிலாக எர்த் கம்பியில் விளக்கை எரிப்பவர்களுக்கும் இது உடனே விழும். விழவேண்டியதுதான். "தொல்லையாக இருக்கிறது" என்று ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக இணைப்பவர், ஈரப் பாத்தியில் பூப்பறிக்க இறங்கும் தம் வீட்டாரின் உயிரைப் பணயம் வைக்கிறார். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் தோட்டத்தில் விளக்கு கட்டவே கூடாது.

பளு மிகுதிதான் காரணம் என்றால், புதுக் கம்பி வாங்குமுன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த விளக்கு செடிக்கு உணவு தயாரிக்க அன்று. நீண்ட இரவை இரண்டாகப் பிளக்கவே. செடியின் நுனியில் சுமார் 100 லக்ஸ் வெளிச்சம் விழுந்தால் போதும். ஆகவே குண்டு பல்புகளை 12 வாட் எல்.இ.டி.யாக மாற்றினால் 60 பல்புக்கு 720 வாட்தான். மாற்ற முடியாதவர்கள் தோட்டத்தை இரு பாதியாக்கி, ஒரு பாதிக்கு இரவு 8.30 முதல் 12.30 வரையும், மறு பாதிக்கு 12.30 முதல் 4.30 வரையும் எரிய விடலாம். இரண்டிலும் தொடர்ந்த இருள் ஏழு மணி நேரத்தைத் தாண்டாது. மொட்டு தள்ளிப்போகும் பயன் குறையாது. மின்செலவு அதேதான், ஆனால் ஒரு நேரத்துப் பளு பாதியாகிறது. இரண்டு டைமர்கள் போதும். மின்சாரம் நின்று வந்தாலும் நேரம் தவறாத பேட்டரி உள்ள டைமராக வாங்க வேண்டும். பம்புசெட் இணைப்பிலிருந்து விளக்குக்கு எடுக்க எண்ணுவோர், அதற்கு அனுமதி உண்டா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.