அடுப்பு ஏன் பற்றவில்லை?

புக்கிட் மெர்தாஜாமில் பொழுது புலரும் முன்பே பல வீடுகளில் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். பள்ளி செல்லும் பிள்ளைகளுக்குப் பசியாறை தயாராக வேண்டுமே! அந்நேரம் பார்த்து அடுப்பு பற்றாவிட்டால், அதைத் திரும்பத் திரும்பத் திருகிப் பார்ப்பது பலரின் வழக்கம். இது ஆபத்தானது. ஒவ்வொரு முறையும் சிறிது எரிவாயு வெளியேறுகிறது. தோம்பில் வரும் எரிவாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே, தரையோரம் தேங்கி நிற்கும். அதற்கு இயல்பாக மணமில்லை. கசிவை உணர்த்தவே மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சேர்க்கின்றனர்.

நாற்றம் வீசினால் அடுப்பையும் தோம்பையும் மூடிவிட்டு, கதவு சன்னல்களைத் திறக்க வேண்டும். மின்விசிறியின் விசையைத் தொடவே கூடாது. அதில் எழும் சிறு பொறியே தீப்பிடிக்கப் போதும். நாற்றம் அடங்காவிட்டால் வெளியேறி 999 எண்ணை அழைக்க வேண்டும்.

நாற்றம் இல்லையென்றால், பொறி வருகிறதா என்று பார்க்கலாம். மின்கலத்தில் இயங்கும் அடுப்பில் ‘டிக் டிக்’ ஒலி மெலிந்திருந்தால், மின்கலத்தை மாற்ற வேண்டும். பொறி வந்தும் பற்றவில்லையா? தோம்பு காலியாகியிருக்கலாம். அல்லது, முதல் நாள் பொங்கி வழிந்த பால் தீ வரும் துளைகளை அடைத்திருக்கலாம். அடுப்பு ஆறிய பின் அதன் மூடியைக் கழற்றிக் கழுவி, ஊசியால் அடைப்பை நீக்க வேண்டும். ஈரம் இருந்தாலும் பற்றாது. நன்கு உலர்த்தியே பொருத்த வேண்டும்.

சுடர் நீலமாக எரிவதே முறை. மஞ்சளாக எரிந்து சட்டியில் கரி படிந்தால், எரிவாயுவோடு போதிய காற்று கலக்கவில்லை. நெடுநாள் பயன்படுத்தாத அடுப்பின் காற்றுத் துளையில் சிலந்தி வலை பின்னியிருப்பதும் உண்டு.