இளவயதில் நெஞ்சு வலியும் படபடப்பும்

அன்புள்ள மருமகனுக்கு,

இருபதுகளில் இருப்பவர்களுக்கு வரும் நெஞ்சு வலியில் பெரும்பகுதி இதய இரத்தக் குழாய் அடைப்பால் வருவதில்லை. விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைப்பிடிப்பு, இரைப்பையிலிருந்து மேலேறும் அமிலம், இருமல், பதற்றம் ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். இவற்றுள் ஆளை அதிகமாக அலைக்கழிப்பது பதற்றத்தால் வருவது. நெஞ்சு உண்மையாகவே வலிக்கிறது, இதயம் உண்மையாகவே அடித்துக்கொள்கிறது. ஈசிஜி எடுத்தால் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறது. "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் நான்கு நாள் கழித்து நள்ளிரவில் மறுபடியும் அவசரப் பிரிவில் நிற்கிறார்.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் இந்தப் பயத்துக்கு ஆழமான வேர் உண்டு. ரந்தாவ், லாபு, சிலியாவ், பகாவ் என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்தில் கேட்டாலும், ஐம்பதைத் தாண்டாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த ஓர் அப்பாவோ பெரியப்பாவோ பேச்சில் வருவார். 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு ஏறத்தாழ 53 வயதில் வருகிறது, மற்றவர்களுக்கு அது ஐந்தாறு ஆண்டு தள்ளியே வருகிறது என்று காட்டியது. மலேசிய சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வில் நீரிழிவு இந்தியர்களிடம்தான் மிக அதிகம்; பெரியவர்களில் பத்துப் பேருக்கு மூவர். இதையெல்லாம் கண்ணால் பார்த்து வளர்ந்த பிள்ளை, தன் நெஞ்சில் ஒரு குத்தல் வந்ததும் நடுங்குவதைக் கோழைத்தனம் என்று சொல்வது அநியாயம். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அப்பாவுக்கு வந்தது இருபது முப்பது ஆண்டுகளாகச் சர்க்கரையும் கொழுப்பும் புகையும் சேர்ந்து குழாயை அடைத்ததால் வந்தது. 22 வயது மகனுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வருவது பெரும்பாலும் வேறொன்று.

அந்த வேறொன்று உடம்பில் நடக்கும் விதம் இது. ஆபத்து என்று மூளை முடிவு செய்தவுடன், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் விரைவாகவும் பலமாகவும் அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, கை கால் தசைகள் இறுகுகின்றன. ஓடவோ சண்டையிடவோ உடம்பு ஆயத்தமாகிவிட்டது; ஆனால் எதிரே யாரும் இல்லை. தேவைக்கு மேல் மூச்சு இழுப்பதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் தலை கிறுகிறுக்கிறது, விரல் நுனியும் வாயைச் சுற்றிலும் மரத்துப் போகின்றன, சிலருக்குக் கைவிரல்கள் மடங்கி இழுத்துக்கொள்கின்றன. மார்புத் தசைகள் ஓயாமல் வேலை செய்து களைப்பதால் இடப்பக்கம் ஊசி குத்தினாற்போல் வலிக்கிறது. மூச்சு நிறைய உள்ளே போயும் "மூச்சு போதவில்லை" என்ற உணர்வே மிஞ்சுகிறது. அதைக் கேட்டு இன்னும் வேகமாக மூச்சு வாங்கினால் எல்லாமே கூடும்.

இடையிடையே "நெஞ்சு ஒரு நொடி நின்று துள்ளியது" என்று சிலர் சொல்வார்கள். அது முறைக்கு முன்னதாக வரும் ஒரு கூடுதல் துடிப்பு. அதற்கடுத்த துடிப்பு சற்றுத் தாமதித்துப் பலமாக விழுவதால் துள்ளல் தெரிகிறது. நலமான இதயத்தில் இது சாதாரணம். எல்லோருக்கும் எப்போதாவது வருகிறது; கவனித்துக்கொண்டிருப்பவருக்கு மட்டும் ஒவ்வொன்றும் தெரிகிறது.

திடீரென்று எழும் இந்தப் பயத்தாக்கு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். "செத்துப் போகிறேன்" என்றோ "பைத்தியம் பிடிக்கிறது" என்றோ அந்த நேரத்தில் தோன்றும். தூக்கத்திலிருந்து உலுக்கி எழுப்பவும் செய்யும். அது போன பிறகு மிஞ்சுவதுதான் பெரிய தொல்லை: அடுத்தது எப்போது வரும் என்ற காத்திருப்பு. நாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது, கைக்கடிகாரத்தில் துடிப்பு எண்ணுவது, கைப்பேசியில் நோய்களைத் தேடிப் படிப்பது, பந்து விளையாட்டை நிறுத்துவது, கிளினிக் இல்லாத இடத்துக்குப் போகத் தயங்குவது என்று வாழ்க்கை மெல்லச் சுருங்குகிறது. தேடினால் ஏதாவது ஒரு துடிப்பு தவறாகத் தெரியத்தான் செய்யும். அது தெரிந்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, பயம் உறுதியாகிறது.

மருத்துவ உலகம் இதைப் புரிந்துகொள்ள நெடுங்காலம் எடுத்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சிரைப்பு என்று வந்த 300க்கும் மேற்பட்ட வீரர்களைப் பற்றி ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் எழுதினார். அவர்களுடைய இதயத்தில் நோயின் அடையாளம் பெரிதாக இல்லை. கடும் நடையும் காய்ச்சலும் இதயத்தைக் களைக்கச் செய்தன என்று அவர் கருதினார். முதல் உலகப் போரில் இதே குறிகளோடு வந்த வீரர்களைப் படுக்கையிலேயே வைத்திருப்பது கெடுதல் என்று கண்ட தாமஸ் லூயிஸ், அளவு கூட்டிக் கூட்டி உடற்பயிற்சி கொடுத்துத் தேற்றினார். 1941இல் லண்டன் மருத்துவர் பால் வுட், இதன் வேர் பயமே என்று எழுதினார். இதய நோய் பற்றிய அச்சமும், மருத்துவர்கள் யோசிக்காமல் உதிர்க்கும் சொற்களும் அதை நிலைக்கச் செய்கின்றன என்றும் காட்டினார். இன்றைக்கும் "இதயம் கொஞ்சம் வீக்" என்று யாரோ போகிற போக்கில் சொன்ன ஒரு சொல் ஓர் இளைஞனைப் பல ஆண்டு முடக்கிப் போடுகிறது.

தோட்டத்து இளைஞர்களுக்கு இது வரக் காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறின. லயத்தில் பிறந்த பிள்ளைகள் செனவாங்கிலும் நீலாயிலும் மூன்று ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறும் வேலையில் தூக்கம் எந்த நேரத்திலும் ஊன்றுவதில்லை. விழித்திருக்கக் காப்பியும் சக்திப் பானமும், ஓய்வு நேரத்தில் சிகரெட்டும் வேப்பும். இவை ஒவ்வொன்றும் இதயத்தை விரட்டும். மோட்டார் கடன், தங்கையின் படிப்பு, எஸ்பிஎம் முடிவு, வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த கடிதம் என்று கவலைகள் வேறு. சம்சு குடித்த மறுநாள் காலையில் வரும் கை நடுக்கமும் படபடப்பும் குடி இறங்கும்போது நரம்புகள் கிளர்வதால் வருபவை. அதை அடக்க மறுபடி குடிப்பவர் குழியை ஆழமாக்கிக்கொள்கிறார்.

இருந்தாலும், பதற்றம் என்று தானே முடிவு செய்துகொள்வது தவறு. முதல் முறை வந்தவுடன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஈசிஜி, இரத்த அழுத்தம், இரத்தச்சோகைக்கும் தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் இரத்தப் பரிசோதனை. தேவைப்பட்டால் எக்கோவும், 24 மணி நேரம் மாட்டிக்கொள்ளும் துடிப்புப் பதிவும். மாதவிடாய் இரத்தப்போக்கு அதிகமுள்ள பெண்களுக்குப் படபடப்பு இரும்புச்சத்துக் குறைவால் வருவது மிகச் சாதாரணம்; அவர்களைப் "பயந்தவள்" என்று ஒதுக்கிவிடக்கூடாது. விளக்கைப் போட்டு அணைத்ததுபோல் சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்கும், நிமிடத்துக்கு 150க்கு மேற்பட்ட துடிப்பு இதயத்தின் மின்பாதைக் கோளாறாக இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. துடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஈசிஜி எடுக்க முடிந்தால் நல்லது.

சில அடையாளங்கள் இருந்தால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் 999ஐ அழைக்க வேண்டும், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நெஞ்சின் நடுவில் பாரம் வைத்து அழுத்துவது போன்ற வலி தாடைக்கோ கைக்கோ பரவுவது, வியர்த்துக் கொட்டுவது, மயங்கி விழுவது, திடீரென்று கடும் மூச்சுத் திணறல் வருவது ஆகியவை அவை. ஓடும்போதோ பளு தூக்கும்போதோ வலி வந்து நின்றால் தணிவதும், குடும்பத்தில் நாற்பதுக்குள் யாராவது திடீரென்று இறந்திருப்பதும் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், நொடிக்கணக்கில் சுருக்கென்று குத்திப் போகும் வலி, மூச்சை இழுத்தாலோ அந்த இடத்தை அழுத்தினாலோ கூடும் வலி, பெரும்பாலும் தசையினுடையது.

பரிசோதனை ஒரு முறை முழுமையாக நடந்து, இதயம் நலம் என்று தெரிந்த பிறகு, அதையே திரும்பத் திரும்பக் கேட்டுப் போவது பயத்துக்குத் தீனி போடுவதாகும். அங்கிருந்து சிகிச்சை பயத்துக்கே. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் பேச்சு முறைச் சிகிச்சை இதில் நன்றாக வேலை செய்கிறது. படியேறி வேண்டுமென்றே இதயத்தைத் துடிக்க வைத்து, அந்தத் துடிப்பு ஆபத்தில்லை என்று உடம்பாலேயே கற்றுக்கொள்வதும் அதில் ஒரு பகுதி. மருந்து தேவைப்படுவோருக்கு செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவற்றை மருத்துவர் தருவார். அவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், முதல் வாரத்தில் பதற்றம் சற்றுக் கூடவும் கூடும், நினைத்தபோது நிறுத்தக்கூடாது. படபடப்பை மட்டுப்படுத்தும் புரோபிரனலோல் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. நண்பனிடம் வாங்கிப் போடும் தூக்க மாத்திரை அடிமையாக்கும்.

தாக்கு வரும் நேரத்தில் செய்யக்கூடியது எளியது. உட்கார்ந்து, மூக்கால் மெதுவாக வயிறு உப்ப மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விட வேண்டும். ஐந்தாறு நிமிடம் தொடர்ந்தால் கரியமில வாயு சமநிலைக்கு வரும், மரமரப்பு போகும். வாயில் பையைக் கட்டி மூச்சு விடச் சொல்லும் பழைய யோசனையைக் கைவிட வேண்டும். உண்மையான இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் அது உயிருக்கே ஆபத்து.

"காத்துக் கருப்புப் பட்டிருக்கு" என்று சொல்லித் திருநீறு போடுவது தோட்ட வழக்கம். முனீஸ்வரர் சன்னிதியில் நின்று மனம் அமைதியானால் அது நல்லதே. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று கூறி ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்கள் மட்டும் விலக்கப்பட வேண்டியவர்கள். அவர்கள் ஏற்கெனவே பயந்திருப்பவனுக்கு இன்னொரு பயத்தை விற்கிறார்கள். வீட்டாருக்கும் இங்கே கடமை உண்டு. "எல்லாம் மனசுதான்" என்ற சொல் பிள்ளையை வாயடைக்கச் செய்யும். வலி இருக்கிறது, அது ஆபத்தில்லை, இதற்கு வைத்தியம் இருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்பவரிடம்தான் அவன் மறுபடி பேச வருவான். உயிரோடு இருப்பதே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. சுகாதார அமைச்சின் 15555 என்ற மனநல உதவி எண் அதற்காகவே இருக்கிறது.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான். பதற்றத்தைக் கண்டறியும் கேள்வித்தாள் அங்கேயே உண்டு. தேவையென்றால் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அங்கிருந்தே கடிதம் கிடைக்கும். இந்த வாரம் ஷிப்டு இல்லாத நாளில் போய் வா, மருமகனே. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் மாமா கூட வருகிறேன்.

அன்புடன்,
மாமா